குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்கான ஆதரவுச் சேவை: 43 நாள் அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

கிழக்கு பெங்களூரில் என் மகள் பிறந்த தனியார் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டி, உள்ளே குழந்தையை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் தாய்மாருக்கென்று தனியாக ஓர் ஆதரவுச் சேவை நடக்கிறது. ஆலோசகருடன் தனி அமர்வு, வியாழன் மாலைதோறும் தாய்மார் கூட்டம், இரவுச் செவிலியர் எழுதி வைக்கும் குறிப்பேடு, பாட்டிமாருக்கு ஒரு சந்திப்பு, வீடு திரும்பிய பின் தொலைபேசி அழைப்பு ஆகியவை இதில் அடங்கும். முதல் இரண்டு அமர்வுகள் சிகிச்சைக் கட்டணத்தோடு சேர்ந்தவை. அதன் பிறகு ஒவ்வோர் அமர்வுக்கும் 800 ரூபாய். எங்கள் காப்பீட்டில் அந்தத் தொகை வரவில்லை. மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. நிறையும் குறையும் கலந்த அனுபவம் என்பது ஒரு காரணம். எங்கே குழந்தை பெற்றாலும் கேட்டுப் பெற வேண்டியவை எவை என்று சொல்வதே இதை எழுதுவதன் நோக்கம் என்பது இன்னொரு காரணம்.

என் மகள் 30 வாரத்தில் பிறந்தாள். எடை 1,260 கிராம். ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு வைப்பதாக நாள் குறித்து, ஆம்பூரிலிருந்து அம்மா வாங்கி வந்த கண்ணாடி வளையல்கள் அட்டைப் பெட்டியில் பிரிக்காமலே இருந்தன. பனிக்குடம் உடைந்த அன்று காலை அலுவலகம் போக ஆட்டோவில் சென்றிருந்தேன் என்பதால், மாரத்தஹள்ளிப் பாலத்தடியில் இருக்கும் குழிகள்தான் காரணம் என்று உறவினர் பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். முதல் அமர்வில் ஆலோசகரிடம் நான் கேட்டதும் அதைத்தான். நோய்த்தொற்று, உயர் ரத்த அழுத்தம், ஒன்றுக்கு மேற்பட்ட கரு, கருப்பைவாயின் நீளம் முன்னதாகவே குறைந்துபோவது என்று பல காரணங்கள் இருப்பதையும், பல நேரங்களில் காரணம் இன்னதென்றே கண்டுபிடிக்க முடிவதில்லை என்பதையும், ஆட்டோ குலுங்கியதால் பனிக்குடம் உடைந்தது என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார் என்பதையும் அவர் நிதானமாகச் சொன்னார். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பவை எல்லாம் குறைமாதக் கணக்கில் வரும் என்றும், 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது என்றும், அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை என்றும் சொன்னார். அந்த எண்கள் அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் அன்று இரவு அம்மா மறுபடியும் ஆட்டோவைப் பற்றி ஆரம்பித்தபோது, திருப்பிச் சொல்ல என்னிடம் ஏதோ ஒன்று இருந்தது.

ஆலோசகர் நல்லவர், பயிற்சி பெற்றவர், அவசரப்படாதவர். கன்னடம், ஆங்கிலம், இந்தி மூன்றும் சரளமாகப் பேசுவார். தமிழ் புரியும், பேச வராது. நான் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் கணக்கு எழுதிப் பிழைப்பவள் என்பதால் இது ஒரு தடையாக இருக்கும் என்று முதலில் நினைக்கவில்லை. இரண்டாம் அமர்வில்தான் தெரிந்தது, ஆங்கிலத்தில் என்னால் அறிக்கை கொடுக்கத்தான் முடிகிறது என்பது. தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு எத்தனை வேளை என்றெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு செவிலியைப் பார்த்ததும் தமிழில் உடைந்து அழுதேன். அடுத்த அமர்விலிருந்து அவரையும் உடன் உட்கார வைத்தார்கள். இதைச் சேவையின் ஏற்பாடு என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான். பெங்களூரில் இத்தனை லட்சம் தமிழர் இருக்க, ஒரு தமிழ் பேசும் ஆலோசகரை வாரத்தில் ஒரு நாளாவது வரவழைப்பது இயலாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

மொழியைப் பற்றிப் பேசும்போது சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்குபேட்டருக்கு நம் வீடுகளில் வழங்கும் பெயர் ‘பெட்டி’. ‘குழந்தையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்’ என்று ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொன்ன என் மாமியார், ‘கண்ணாடிப் பெட்டியா?’ என்று எதிர்முனையில் ஒருவர் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு அழைப்பைத் துண்டித்தார். தமிழ்நாட்டில் கண்ணாடிப் பெட்டி எந்த வீட்டு வாசலுக்கு வரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதேபோல், சேவையில் சேரும்போது கொடுக்கும் தமிழ்க் கையேட்டில் என்னைக் ‘குறைப்பிரசவத் தாய்’ என்று குறிப்பிட்டிருந்தார்கள். குறை என்ற சொல் எந்தப் பக்கம் ஒட்டிக்கொள்கிறது என்பதை அந்தக் கையேட்டை எழுதியவர் யோசித்திருக்க வேண்டும். நாகர்கோவில் செவிலி மட்டும் கடைசி வரை ‘சீக்கிரமா வந்த பாப்பா’ என்றேதான் சொன்னார்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் ஒன்று உண்டு. பெயர் என்றால், கையில் கட்டிய பட்டையில் இருப்பதுபோல ‘பேபி ஆஃப்’ என்று போட்டுத் தாயின் பெயர். இரவுப் பணியில் இருக்கும் செவிலி அதில் இரண்டு மூன்று வரிகள் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. மருத்துவக் குறிப்பு எழுதக் கூடாது என்பதும் விதி. ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் படித்தது இது: ‘ராத்திரி ரெண்டு மணிக்கு டியூப்ல பால் குடிச்சேன். ஒரு தடவை பெரிய கொட்டாவி விட்டேன். இடது கையை முகத்து மேலயே வச்சிக்கிட்டுத் தூங்குறேன், எடுத்து விட்டா மறுபடியும் வைக்கிறேன்.’ என் மகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதுவரை அவள் எடை, ஆக்சிஜன் அளவு, மஞ்சள் காமாலை எண் ஆகியவற்றின் தொகுப்பாக மட்டுமே இருந்தாள். நாற்பத்து மூன்று நாளில் ஏழு இரவுகள் எழுதப்படவில்லை. ஆள் குறைவான இரவுகள் அவை என்று பின்னர் அறிந்தேன். எழுதப்படாத காலைகளில் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை நிர்வாகம் அறிந்திருந்தால், ஒரு வரியாவது எழுத வைத்திருப்பார்கள்.

இரண்டாவதாக, மானிட்டரைப் பற்றிய வகுப்பு. இது சேவையின் அட்டவணையில் இல்லை. என்னோடு சேர்த்து நான்கு தாய்மார் அந்த மணியோசையைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் நடுங்குவதாகச் சொன்னதால், ஆலோசகர் ஒரு மூத்த செவிலியரை அழைத்து வந்து அரை மணி நேரம் பேச வைத்தார். எந்த எண் இதயத் துடிப்பு, எது ஆக்சிஜன், ஆக்சிஜன் கொடுக்கப்படும் குழந்தைக்கு அளவு 90-க்கும் 95-க்கும் இடையே இருக்குமாறு பார்த்துக்கொள்வது ஏன், அது நூறாக இருந்தால் நாம் மகிழ்கிறோமே, உண்மையில் தேவைக்கு மேற்பட்ட ஆக்சிஜன் கண்ணின் விழித்திரையைப் பாதிக்கும் என்பதால் அவர்கள் அதைக் குறைக்கிறார்களே, அது எதற்கு என்பதையெல்லாம் அவர் எளிமையாகச் சொன்னார். மூச்சு விட மறந்துபோவது இந்த வயதுக் குழந்தைகளின் இயல்பு என்றும், 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, நிற்கும்போது இதயத் துடிப்போ ஆக்சிஜனோ குறைந்தாலோதான் அதை ஒரு நிகழ்வாகக் குறிப்பார்கள் என்றும், முதுகில் மெல்லத் தட்டினாலே பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும் என்றும், இதற்குக் கொடுக்கும் மருந்து கஃபீன் என்றும் தெரிந்துகொண்டோம். ‘பொறந்த மறுநாளே காபியா?’ என்று ஃபில்டர் காபி இல்லாமல் விடியாத என் அம்மா கேட்டதும், அந்த அறையில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு எழுந்தது. எனக்குப் பணம் கட்டிய மூன்று அமர்வுகளைவிட இந்த அரை மணி நேரம் அதிகம் உதவியது. ‘தைரியமாக இருங்கள்’ என்ற சொல்லை எல்லோரும் சொன்னார்கள். எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று பிரித்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கங்காரு பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் சேவையின் சிறந்த பகுதியும் என் மிகப் பெரிய மனத்தாங்கலும் இங்கேதான் இருக்கின்றன. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலில் தோல் படக் கட்டிவைக்கத் தொடங்கியதிலிருந்து வந்த முறை இது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில் தில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்றது. குழந்தையின் நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று அதில் கண்டார்கள். 2022-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்கிறது. எங்கள் மருத்துவமனையின் சுவரிலும் இதே வாசகம் வண்ணத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. நடைமுறையில் காலை 11 முதல் 12.30 வரை, மாலை 4 முதல் 5.30 வரை; அதற்குள்ளும் மருத்துவர் சுற்று வந்தால் எழுந்துவிட வேண்டும். ஏழு தாய்மாருக்குச் சாயும் நாற்காலி நான்கு. ஒருத்தி எழுந்திருக்க மாட்டாளா என்று இன்னொருத்தி பார்த்துக்கொண்டு நிற்கும் நிலையை ஒரு மனநலச் சேவை ஏற்படுத்தலாமா என்று நான் ஆலோசகரிடம் நேரிலேயே கேட்டேன். அவரும் மறுக்கவில்லை.

இருந்தும் அந்த ஒன்றரை மணி நேரம் வேறு. பதினோராம் நாள், முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியை இறக்கி, வெறும் டயப்பரும் குல்லாவுமாக இருந்த மகளை என் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஒரு கத்திரிக்காய் அளவு உடம்பு. ஆனால் சூடு இருந்தது. சற்று நேரத்தில் அவளுடைய மூச்சு என் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்குவதுபோலப் பட்டது. மானிட்டர் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. மறுநாள் முதல் பம்பில் பால் கூடியது. தந்தையரையும் உட்கார வைக்க வேண்டும் என்பதில் ஆலோசகர் பிடிவாதமாக இருந்தார், அதற்கு அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பில் கட்டுவதும் மருந்து வாங்குவதும் தவிர அதுவரை தனக்கு வேலை இல்லை என்று நினைத்திருந்த என் கணவர், சட்டையைக் கழற்றிவிட்டு வெட்கத்தோடு உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்து கால் மரத்துப்போய் எழுந்தார்.

பாலைப் பற்றிய குற்ற உணர்வையும் இந்தச் சேவை ஓரளவு நன்றாகக் கையாண்டது. முதல் மூன்று நாள் எனக்குச் சீம்பால் ஊசிக்குழலில் அரை மில்லி, ஒரு மில்லி என்றுதான் வந்தது. மீதிக்குத் தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கினார்கள். ‘ஊரார் பாலா?’ என்று மாமியார் முகம் சுளித்தபோது எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தொடங்கப்பட்டது என்பதையும், தானமாக வரும் பால் சோதித்துப் பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்ட பிறகே தரப்படுகிறது என்பதையும் ஆலோசகர் மாமியாரிடம் சொன்ன விதம் நயமானது. ‘உங்கள் காலத்தில் பால் இல்லாத தாயின் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு அம்மா கொடுக்க மாட்டாரா?’ என்று அவர் கேட்டதும் மாமியார் தன் அக்காவின் கதையை அரை மணி நேரம் சொன்னார். பாட்டிமாருக்கான சந்திப்பு ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. இரண்டு முறை நடத்தலாம். ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்ற பழைய நம்பிக்கையைத் தீர்க்க ஒரு முறை போதவில்லை.

வியாழன் கூட்டம் ஆளைப் பொறுத்து மாறியது. சில வாரம் ஆழமாக இருந்தது, சில வாரம் எடைப் போட்டியாக முடிந்தது. காலையில் போடும் எடையை ஒருவருக்கொருவர் ஒப்பிட்டு, இருபது கிராம் கூடியவள் தலை நிமிர்வதும், பத்து கிராம் குறைந்தவள் கழிவறைக்குப் போய்விடுவதும் நடந்தன. மூன்றாம் வாரத்திலிருந்து எடையைச் சொல்லக் கூடாது என்று விதி வைத்தார்கள், நல்ல விதி. முன்பு இதே பிரிவில் குழந்தை வைத்திருந்த ஒரு தாய் வந்து பேசிய நாள் மட்டும் எவரும் கைப்பேசியைத் தொடவில்லை. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கண் பரிசோதனை நாளில் மட்டும் உள்ளே நின்று பார்க்காதீர்கள், வெளியே போய் ஒரு டீ குடியுங்கள் என்றார். 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கு முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். இமையை விரித்து வைக்கும் கருவியை ஒருமுறை பார்த்தால் அவர் சொன்னதன் அருமை புரியும். நான் டீ குடிக்கப் போனேன்.

வினாத்தாளைப் பற்றி ஒரு வார்த்தை. மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்வி அளவுகோலைத்தான் இங்கேயும் கொடுக்கிறார்கள். மொத்தம் 30, 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம், அதுவே நோய் என்று பொருளல்ல. இதற்குச் சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் 2005-இலேயே வந்துவிட்டது. அப்படியிருக்க, இங்கே கொடுத்த நகலில் ‘விஷயங்களின் வேடிக்கைப் பக்கத்தைக் காண முடிந்தது’ என்று முதல் கேள்வி இருந்தது. கோலாரிலிருந்து வந்திருந்த தமிழ்ப் பெண் ஒருவர், ‘எந்தப் பக்கம் திருப்பணும் அக்கா?’ என்று என்னிடம் தாளை நீட்டினார். தூக்கம் பற்றிய கேள்வியும் அப்படித்தான்: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துப் பால் எடுப்பவளிடம் தூக்கம் வருகிறதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? படுத்த பிறகும் துக்கத்தால் தூங்க முடியாமல் போகிறதா என்பதே கேள்வி என்று ஆலோசகர் விளக்கிய பிறகுதான் சரியாக நிரப்பினேன். ஒன்பதாம் நாள் எனக்கு 16. வீட்டுக்குப் போகும் நாள் 8.

அந்த 8-ஐ நம்பி எங்களை அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் இந்தச் சேவையின் பெரிய ஓட்டை. அமர்வு அறை பில் கவுன்ட்டரை ஒட்டி இருப்பதையும், அழுதுகொண்டிருக்கும்போது ‘டோக்கன் நம்பர் நாற்பத்தேழு’ என்று கேட்பதையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் மானிட்டர் இல்லை, செவிலி இல்லை, குழந்தை 1,900 கிராம். முதல் வாரத்தில் ஓர் அழைப்பு வந்தது, மூன்றாம் வாரத்தில் வர வேண்டியது வரவில்லை. இரவெல்லாம் விளக்கைப் போட்டுவிட்டு அவள் மூக்குக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்; தூங்கினால் மூச்சு நின்றுவிடும் என்று தோன்றியது. நானே அந்தத் தாளை எடுத்து நிரப்பிப் பார்த்தேன்: 17. 800 ரூபாய் கட்டித் திரும்பப் போனபோது ஆலோசகர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்றே ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். பால் கொடுக்கும் தாய் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன என்பதை அங்கேதான் அறிந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் 14416 என்ற எண்ணை எழுதி ஒட்டிவைத்ததும் அந்த வாரம்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் அது, இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழும் உண்டு. நிலைமை கடுமையானால் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்து வைத்துச் சிகிச்சை தரும் பிரிவு இதே ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருக்கிறது. இவை இரண்டையும் வீட்டுக்குப் போகும் நாளில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். மருந்து எப்போது, சொட்டு எத்தனை என்று மூன்று பக்கம் கொடுத்தார்கள், மூன்றும் குழந்தைக்கு.

இதே மருத்துவமனைக்கு மறுபடியும் போவேனா என்று கேட்டால், குறிப்பேட்டுக்காகவும் அந்த ஆலோசகருக்காகவும் போவேன். ஆனால் சேரும் நாளிலேயே மூன்று கேள்விகளைக் கேட்பேன். நெஞ்சில் வைத்துக்கொள்ள ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், தமிழ் பேசுபவர் யார், வீட்டுக்குப் போன பிறகு யார் எந்தத் தேதியில் அழைப்பார்கள். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம்.

கருத்துப் படிவத்தில் இவ்வளவையும் எழுத இடமில்லை என்பதால், கையேட்டில் ‘குறைப்பிரசவத் தாய்’ என்று இருப்பதை மாற்றுங்கள் என்றும், இன்குபேட்டரைப் ‘பெட்டி’ என்று அச்சிடாதீர்கள் என்றும் இரண்டு வரி மட்டும் எழுதிக் கொடுத்தேன். மகளின் திருத்திய வயது (பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து எண்ணும் வயது) ஒன்பது மாதம் ஆனபோது, அதாவது அவள் பிறந்து பதினோரு மாதம் கடந்தபின், வளர்ச்சிப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். வரவேற்பில் இருந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் சொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, ‘முன்கூட்டியே பிறந்த குழந்தையின் தாய்’ என்று கையால் எழுதியிருந்தார்கள். பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது.